கருக்குழாய் நீர்க்கட்டி: ஸ்கேன் அறிக்கையின் அந்த ஒரு வரியை எப்படிப் புரிந்துகொள்வது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். வயது 27. குழந்தைக்காக முயன்று 14 மாதம் ஆகிறது. ஸ்கேன் அறிக்கையில் "இடது கருக்குழாயை ஒட்டி 38 மி.மீ. நீர்க்கட்டி, இரண்டு சினைப்பைகளும் இயல்பு" என்று எழுதியிருக்கிறது. வலி இல்லை, மாதவிடாய் ஒழுங்காக வருகிறது. மூன்று மாதம் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் கரைந்துவிடும் என்கிறார் ஒரு மருத்துவர். லேப்ராஸ்கோப்பி, அதாவது சின்னத் துளைகள் வழியாகக் கேமரா வைத்துச் செய்யும் அறுவை சிகிச்சை, செய்து எடுத்துவிடலாம் என்கிறார் இன்னொருவர். இது புற்றுநோயா, குழாயையே எடுத்துவிடுவார்களா, இனி குழந்தை பிறக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பல ஆண்டுகளாக மகளிர் மருத்துவம் பார்க்கிறவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது பெரும்பாலும் தீங்கற்ற நீர்க்கட்டி. மாத்திரையால் கரையாது. அவசரமாக அறுவை சிகிச்சை செய்யவும் வேண்டியதில்லை. உங்களுக்குக் கருத்தரிக்காமல் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று இப்போதே முடிவு கட்டிவிடக் கூடாது. ஆனால் ஒரே ஒரு விஷயத்தை உறுதி செய்துகொண்ட பிறகுதான் இவ்வளவையும் தைரியமாகச் சொல்ல முடியும். அந்த நீர் குழாய்க்கு வெளியே இருக்கிறதா, குழாய்க்கு உள்ளேயே தேங்கியிருக்கிறதா? எல்லா முடிவும் இந்தக் கேள்விக்கான பதிலைப் பொறுத்துத்தான் இருக்கிறது. இதைக் கேட்காமலேயே மாத்திரை கொடுப்பதையும், கேட்காமலேயே அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிப்பதையும் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நாம் பயன்படுத்தும் சொல்தான். தமிழில் நீர்க்கட்டி என்றதும் பெரும்பாலோர் மனதில் வருவது பி.சி.ஓ.எஸ். அது சினைப்பை தொடர்பான ஹார்மோன் பிரச்சினை. அதில் ஸ்கேனில் தெரிகிற சின்னச் சின்ன வட்டங்கள் முழுதாக வளராமல் நின்றுபோன முட்டைப் பைகளே தவிர, அவை உண்மையில் கட்டிகளே அல்ல. உங்கள் அறிக்கையில் இருப்பதற்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. பி.சி.ஓ.எஸ். உள்ள உறவினர் ஒருவருக்கு மாத்திரை கேட்டது என்றால் உங்களுக்கும் கேட்கும் என்று அர்த்தமில்லை. "கட்டி" என்ற சொல்லும் தேவையில்லாமல் பயமுறுத்துகிறது. நீர் நிறைந்த மெல்லிய பை என்று நினைத்துக்கொள்ளுங்கள், மனசு கொஞ்சம் லேசாகும்.

சரி, குழாயைப் பற்றிக் கொஞ்சம் பார்ப்போம். கருப்பையின் இரண்டு மேல் மூலைகளிலிருந்தும் பக்கத்துக்கு ஒன்றாகப் புறப்படுகிறது கருக்குழாய். நீளம் சுமார் 10 முதல் 12 செ.மீ. கருப்பையோடு சேரும் இடத்தில் அதன் உட்துளை மிகவும் குறுகல். போகப் போக அகன்று, கடைசியில் விரல் விரலாகப் பிரிந்து சினைப்பையின் மேல் கவிந்திருக்கும். இத்தாலிய உடற்கூற்றியல் அறிஞர் கபிரியேலே ஃபலோப்பியோ 1561இல் வெளியிட்ட நூலில் இதன் வடிவத்தை ஊதுகொம்போடு ஒப்பிட்டார். அதனால்தான் இன்றும் அவர் பெயரால் ஃபெலோப்பியன் குழாய் என்கிறோம். சினைப்பையிலிருந்து வெளிவரும் முட்டையை அந்த விரல்கள்தான் வாரி உள்ளே எடுக்கின்றன. விந்தணு முட்டையைச் சந்திப்பது குழாயின் அகன்ற நடுப்பகுதியில். கரு உருவாகி, குழாயின் உட்புறத்தில் இருக்கும் நுண்ணிய மயிரிழைகள் அதை மெல்ல நகர்த்த, மூன்று நான்கு நாளில் கருப்பைக்கு வந்து சேர்கிறது. இது வெறும் தண்ணீர்க் குழாய் போன்றதல்ல, உயிருள்ள பாதை. உள்பக்கத்து மயிரிழைகள் அழிந்துபோனால், குழாய் திறந்திருந்தும் பயனில்லாமல் போகலாம்.

இந்தக் குழாய்க்கும் சினைப்பைக்கும் நடுவே திரைச்சீலை மாதிரி ஒரு மெல்லிய சவ்வு மடிப்பு இருக்கிறது. "கருக்குழாயை ஒட்டி" என்று அறிக்கையில் எழுதுகிற நீர்க்கட்டிகளில் பெரும்பாலானவை குழாய்க்குள் இருப்பவை அல்ல, இந்தத் திரைக்குள் இருப்பவை. பாராடியூபல் சிஸ்ட் அல்லது பாரா ஓவேரியன் சிஸ்ட் என்பார்கள். ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இவை எங்கிருந்து வருகின்றன என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். தாயின் வயிற்றில் நாம் சில வாரக் கருவாக இருக்கும்போது, ஆணோ பெண்ணோ, எல்லோருக்குமே இரண்டு ஜோடிக் குழாய்கள் உருவாகின்றன. ஒரு ஜோடிக்கு வொல்ஃபியன் குழாய் என்று பெயர், மற்றதற்கு முல்லேரியன் குழாய். ஆண் கருவில் வொல்ஃபியன் வளர்ந்து விந்துப் பாதையாகிறது, மற்றது மறைகிறது. பெண் கருவில் முல்லேரியன் வளர்ந்து கருப்பையாகவும் கருக்குழாயாகவும் ஆகிறது, வொல்ஃபியன் சுருங்கிப் போகிறது. ஆனால் முழுதாக அழிவதில்லை. அந்தத் திரைக்குள் சின்னச் சின்ன எச்சங்களாகத் தங்கிவிடுகிறது. இப்படித் தங்கிய ஏதோ ஒரு எச்சத்திலோ, முல்லேரியன் குழாயிலிருந்து பிரிந்த துணுக்கிலோ, வயிற்றின் உள்சவ்விலோ நீர் சுரந்து தேங்கினால் அதுதான் பாராடியூபல் நீர்க்கட்டி. நீங்கள் செய்த எதனாலும் இது வரவில்லை. சாப்பிட்டதாலோ, வேலை செய்ததாலோ, கல்யாணத்தைத் தள்ளிப் போட்டதாலோ வரவில்லை. இதற்கான விதை நீங்கள் பிறப்பதற்கு முன்பே விழுந்துவிட்டது.

இதில் மிகச் சிறிய வகை ஒன்று உண்டு. குழாயின் விரல்நுனிக்குப் பக்கத்தில், காம்பில் தொங்கும் திராட்சை போல இருக்கும். 18ஆம் நூற்றாண்டின் இத்தாலிய மருத்துவர் மோர்காக்னியின் பெயரால் அதை ஹைடாடிட் ஆஃப் மோர்காக்னி என்பார்கள். பெரும்பாலும் ஒரு செ.மீ. அளவே இருக்கும். வேறு எதற்காகவோ லேப்ராஸ்கோப்பி செய்யும்போது அடிக்கடி கண்ணில் படும். அறிக்கையில் இந்தப் பெயரைப் பார்த்துப் பயந்து ஓடி வருகிறவர்கள் உண்டு. பெயர்தான் பெரியது.

பாராடியூபல் நீர்க்கட்டி மாத்திரைக்குக் கரையாது என்று ஏன் சொல்கிறேன்? மாதா மாதம் சினைப்பையில் முட்டை வளரும் பை சில சமயம் வெடிக்காமல் பெரிதாகி நீர்க்கட்டியாக நிற்கும். அது ஹார்மோன் சுழற்சியின் விளைவு, ஓரிரு மாதத்தில் தானாகவே வற்றிவிடும். திரைக்குள் இருக்கும் நீர்க்கட்டியோ அந்தச் சுழற்சியில் சேர்ந்ததே அல்ல. மாதவிடாய் வந்தாலும் போனாலும் அது பாட்டுக்கு இருக்கும். அப்புறம் இன்னொன்று: சினைப்பையில் வரும் அந்தத் தற்காலிக நீர்க்கட்டிகளைக்கூடக் கருத்தடைக்குத் தரும் ஹார்மோன் மாத்திரை சீக்கிரம் கரைக்கவில்லை என்றுதான், பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் அமைப்பின் தொகுப்பு சொல்கிறது. குழந்தைக்காக முயலும் உங்களுக்கு மூன்று மாதம் அந்த மாத்திரை கொடுப்பது என்றால், கருத்தரிக்க வாய்ப்புள்ள மூன்று மாதத்தை வீணாக்குவது என்றுதான் பொருள். மாத்திரைக்கு வேறு ஏதாவது காரணம் இருக்கிறதா என்று அந்த மருத்துவரிடமே கேளுங்கள். இல்லையென்றால் வேண்டாம் என்பது என் கருத்து.

இப்போது இரண்டாவது வகைக்கு வருகிறேன். இதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். குழாயின் விரல்நுனிப் பகுதி ஒட்டிக்கொண்டு மூடிப்போனால், உள்ளே சுரக்கும் நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கிக் குழாயே பலூன் போல வீங்கும். இதற்கு ஹைட்ரோசால்பிங்ஸ் என்று பெயர். இது தனியாக முளைத்த கட்டியல்ல, வீங்கிப்போன குழாய். ஆனால் ஸ்கேனில் அவசரமாகப் பார்த்தால் நீர்க்கட்டி மாதிரியே தெரியும். பல அறிக்கைகளில் நீர்க்கட்டி என்றே எழுதியும்விடுகிறார்கள்.

குழாய் ஏன் மூடுகிறது? பெரும்பாலும் எப்போதோ வந்து போன தொற்றுதான் காரணம். கிளமிடியா என்ற பாக்டீரியா இதில் முக்கியமானது. உடலுறவின் மூலம் பரவும். பல பெண்களுக்கு வலியோ காய்ச்சலோ எதுவுமே காட்டாது, சத்தமில்லாமல் குழாயின் உட்சுவரைக் கெடுத்துவிட்டுப் போகும். கொனோரியா என்ற பால்வினை நோயும் இப்படிச் செய்யும். காசநோய் பரவலாக இருக்கும் நாடுகளில் பிறப்புறுப்புக் காசநோயை மறக்கவே கூடாது. அந்த நோய் முதலில் பிடிப்பது கருக்குழாயைத்தான். இருமல், சளி என்று நுரையீரல் அறிகுறி ஒன்றுமே இல்லாமல், குழந்தை இல்லை என்ற ஒரே குறையோடு வருகிறவர்களிடம் அதைக் கண்டுபிடித்திருக்கிறேன். எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), குடல்வால் வெடித்துச் சீழ் பரவியது, முன்பு செய்த வயிற்று அறுவை சிகிச்சை ஆகியவையும் குழாயை ஒட்ட வைக்கலாம். இதில் யாரையும் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. கணவன் மனைவி இருவரையும் பரிசோதித்து, தொற்று இருந்தால் இருவருக்கும் ஒரே சமயத்தில் சிகிச்சை தர வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வேறுபாட்டில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்றால், கருத்தரிப்பதில் இரண்டின் விளைவும் முற்றிலும் வேறு. பாராடியூபல் நீர்க்கட்டி சின்னதாக இருந்தால் குழாய் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மிகப் பெரிதாகி, குழாயைத் தன் மேல் இழுத்து நீட்டிவிட்டால் மட்டுமே முட்டையைப் பிடிப்பதில் சிக்கல் வரலாம். ஹைட்ரோசால்பிங்ஸ் அப்படியல்ல. அந்தப் பக்கத்துக் குழாய் வழியே முட்டை வர முடியாது. அதோடு நிற்பதும் இல்லை, தேங்கிய நீர் அவ்வப்போது கருப்பைக்குள் கசிந்து அங்கே கரு ஒட்டிக்கொள்வதையும் கெடுக்கிறது. சில பெண்கள் இடையிடையே தண்ணீர் மாதிரி திரவம் வெளியேறுகிறது என்பார்கள், அது இந்தக் கசிவாக இருக்கலாம்.

சோதனைக் குழாய்க் குழந்தை முறைக்கே இங்கு ஒரு தொடர்பு இருக்கிறது. 1978இல் பிறந்த முதல் ஐ.வி.எஃப். குழந்தை லூயிஸ் பிரவுனின் தாய்க்குக் கருக்குழாய்கள் அடைபட்டிருந்தன. குழாயைத் தாண்டிப் போவதற்காகவே உருவான முறை அது. எனவே குழாய் வீங்கியிருந்தால் என்ன, கருவை நேராகக் கருப்பையில் வைத்துவிடுகிறோமே என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். பிறகு கணக்கெடுத்துப் பார்த்தபோது, ஹைட்ரோசால்பிங்ஸ் உள்ளவர்களுக்கு ஐ.வி.எஃப். வெற்றி ஏறத்தாழப் பாதியாகக் குறைவது தெரிந்தது. 1999இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடந்த ஆய்வொன்றின் முடிவுகள் வெளியாயின. ஸ்கேனிலேயே தெரியும் அளவு வீங்கிய குழாயை ஐ.வி.எஃப்.க்கு முன்பே எடுத்துவிட்ட பெண்களுக்கு, குறிப்பாக இரண்டு பக்கமும் வீங்கியிருந்தவர்களுக்கு, குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடியிருந்தது. அதன் பிறகு, வீங்கிய குழாயை முதலில் எடுப்பது அல்லது கருப்பையோடு சேரும் இடத்தில் அடைத்துவிடுவது, அப்புறம் ஐ.வி.எஃப். என்பது வழக்கமாகிவிட்டது. குழந்தை வேண்டும் என்று வருகிறவரிடம் குழாயை எடுக்க வேண்டும் என்று சொல்வது கொடுமையாகத்தான் தோன்றும். ஆனாலும் அந்த இடத்தில் அதுதான் குழந்தைக்கான வழி.

இன்னும் சிலவற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். குழாயில் நீருக்குப் பதில் சீழ் சேர்ந்து, சினைப்பையும் அதோடு ஒட்டிக்கொண்டால் காய்ச்சல், கடும் அடிவயிற்று வலி, துர்நாற்ற வெள்ளைப்படுதல் எல்லாம் வரும். மருத்துவமனையில் சேர்ந்து ஊசி மூலம் ஆன்டிபயாட்டிக் எடுக்க வேண்டிய நிலை அது. சீழ் பெரிதாக இருந்தால் வெளியேற்ற வேண்டும். முன்பு வயிற்றில் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு, ஒட்டுதல்களுக்கு இடையே நீர் தேங்கிப் பொய்யான நீர்க்கட்டி போலத் தெரிவதும் உண்டு. மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்குக் குழாய்ப் பக்கம் ஏதாவது தெரிந்தால், முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். குழாயிலேயே கரு தங்கிவிட்ட கர்ப்பம் உயிரைப் பறிக்கக்கூடியது. அதை நீர்க்கட்டி என்று நினைத்து நாள் கடத்திவிடக் கூடாது.

கண்டுபிடிப்பது எப்படி? நல்ல ஸ்கேன் ஒன்று போதும், பெரும்பாலும். வயிற்றின் மேல் வைத்து எடுப்பதைவிடப் பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேன் இந்த இடத்தை மிகத் தெளிவாகக் காட்டும். மாதவிடாய் முடிந்த சில நாட்களுக்குள் எடுப்பது நல்லது, அப்போது சினைப்பையில் பெரிய முட்டைப் பை இருந்து குழப்பாது. ஸ்கேன் எடுப்பவர் கருவியால் மெல்ல அழுத்திப் பார்ப்பார். நீர்க்கட்டியும் சினைப்பையும் ஒன்றையொன்று விட்டு விலகி நழுவினால், அது சினைப்பையில் இல்லை, வெளியே இருக்கிறது என்று அர்த்தம். பாராடியூபல் நீர்க்கட்டி உருண்டையாக, மெல்லிய சுவரோடு, உள்ளே தெளிந்த கறுப்பு நீரோடு தெரியும். ஹைட்ரோசால்பிங்ஸ் நீளமாக, மடங்கிய பை போல இருக்கும். குழாய் தன் மேலேயே மடிவதால் குறுக்கே பாதி வரை வந்து நின்றுவிடும் சுவர்கள் தெரியும். உட்சுவரில் வரிசையாகச் சின்னச் சின்ன முடிச்சுகளும் காணலாம். அனுபவம் உள்ள கண்ணுக்கு இவை இரண்டும் வேறு வேறு என்று உடனே தெரிந்துவிடும். சந்தேகம் தீரவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். ஆனால் எல்லோருக்கும் அது தேவையில்லை.

உங்களைப் போலக் குழந்தைக்காகக் காத்திருப்பவர்களுக்கு எச்.எஸ்.ஜி. என்ற பரிசோதனை உதவும். அந்த மாத ரத்தப்போக்கு நின்ற பிறகு, முட்டை வெளிவருவதற்கு முந்தைய நாட்களில், கருப்பைவாய் வழியாகச் சாயத்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். சாயம் குழாய் வழியே வழிந்து வயிற்றுக்குள் பரவினால் குழாய் திறந்திருக்கிறது. நுனியில் உருண்டு தேங்கி நின்றால் மூடியிருக்கிறது. கொஞ்ச நேரம் மாதவிடாய் வலி போல வலிக்கும், அதை முன்கூட்டியே சொல்லி வலி மாத்திரை தருவது நல்ல மருத்துவரின் கடமை. குழாய் வீங்கியிருப்பது தெரிந்தால் தொற்று வராமல் இருக்க ஆன்டிபயாட்டிக் தர வேண்டும்.

புற்றுநோய் பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். உள்ளே தெளிந்த நீர் மட்டுமே உள்ள, மெல்லிய சுவர் கொண்ட பாராடியூபல் நீர்க்கட்டியில் புற்றுநோய் இருப்பது மிக அரிது. அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி வகுத்த ஓ-ராட்ஸ் என்ற வகைப்பாடு இத்தகைய எளிய நீர்க்கட்டியை, அளவு என்னவாக இருந்தாலும், ஏறத்தாழ உறுதியாகத் தீங்கற்றது என்ற வகையில்தான் வைக்கிறது. உள்சுவரிலிருந்து காளான் மாதிரி நீட்சிகள், திடமான பகுதி, அந்தத் திடப் பகுதிக்குள் ரத்த ஓட்டம், வயிற்றில் நீர் சேர்தல் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால், அல்லது மாதவிடாய் நின்ற வயதில் வளர்ந்துகொண்டே போனால், அப்போது தீவிரமாகப் பார்க்க வேண்டும். குடும்பத்தில் மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இந்தப் புற்றுநோய்களின் அபாயத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. என்ற மரபணு மாற்றம் உள்ள குடும்பங்களில் சினைப்பைப் புற்றுநோய் என்று நாம் அழைப்பதில் பெரும்பகுதி உண்மையில் கருக்குழாயின் விரல்நுனியில்தான் தொடங்குகிறது என்பது இப்போது தெரிந்திருக்கிறது. ஆனால் அது இந்த நீர்க்கட்டியிலிருந்து வருவதல்ல, அது வேறு கதை.

சினைப்பைப் புற்றுநோய்ச் சந்தேகத்தில் எடுக்கும் சி.ஏ. 125 என்ற ரத்தப் பரிசோதனையைப் பற்றி ஒரு வேண்டுகோள். இளம் வயதில், ஸ்கேனில் எளிய நீர்க்கட்டி மட்டும் தெரியும்போது அதை எடுக்காதீர்கள். மாதவிடாய் நாளில் எடுத்தாலே கூடும். எண்டோமெட்ரியோசிஸ், குழாய்த் தொற்று, காசநோய் எல்லாவற்றிலும் கூடும். வயிற்றுக் காசநோயில் அந்த எண் எக்கச்சக்கமாக ஏறி, வயிற்றில் நீரும் சேர்ந்து, புற்றுநோய் என்றே நினைத்து வயிற்றைத் திறந்து பார்த்த பிறகு காசநோய் என்று தெரிந்த பெண்கள் உண்டு. தேவையில்லாமல் எடுத்த ஒரு எண் ஒரு குடும்பத்தின் தூக்கத்தைப் பல வாரங்களுக்குக் கெடுத்துவிடும்.

நீங்கள் உண்மையில் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய ஆபத்து வேறு. அது முறுக்கு. நீர்க்கட்டியின் எடையால் குழாயோ, குழாயும் சினைப்பையும் சேர்ந்தோ தன் தண்டிலேயே திருகிக்கொள்ளலாம். ரத்த ஓட்டம் நின்றுபோகும். திடீரென்று ஒரு பக்கத்தில் தாங்க முடியாத வலி, கூடவே வாந்தி, இதுதான் அடையாளம். வலி வந்து வந்து போகவும் செய்யலாம், அதனால் ஏமாந்துவிடக் கூடாது. வயதுக்கு வந்த இளம் பெண்களுக்கும் இது வரும். பள்ளிக்குப் போகும் பெண் ஒருத்தியை வாயுவாக இருக்கும் என்று இரண்டு நாள் வீட்டில் வைத்திருந்து பிறகு அழைத்து வந்தார்கள். குழாயைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பெண்ணின் அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டம் தெரிகிறதே என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. ரத்த ஓட்டம் தெரிந்தும் முறுக்கு இருந்திருக்கிறது. சந்தேகம் என்றாலே லேப்ராஸ்கோப்பி வைத்துப் பார்த்துவிட வேண்டும். சீக்கிரம் போனால் முறுக்கைப் பிரித்துவிட்டாலே போதும். கறுத்துப் போனது போலத் தெரியும் சினைப்பைகூடப் பல சமயம் மீண்டுவிடும், பார்த்த மாத்திரத்தில் வெட்டி எடுத்துவிடக் கூடாது. நீர்க்கட்டி 5 செ.மீ.க்கு மேல் போகும்போது இந்த அபாயத்தைக் கூடுதலாக நினைவில் வைக்கிறோம். ஆனால் அதைவிடச் சிறியது முறுக்கிக்கொள்ளவே கொள்ளாது என்று யாரும் உறுதி தர முடியாது.

சிகிச்சை என்று வரும்போது, சின்ன, எளிய, தொந்தரவு தராத பாராடியூபல் நீர்க்கட்டிக்கு எதுவும் செய்யாமல் இருப்பதே சரியான சிகிச்சை. மனத் திருப்திக்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து ஒரு முறை ஸ்கேன் பார்த்துக்கொள்ளலாம். திரும்பத் திரும்ப வலி தந்தால், வேகமாக வளர்ந்தால், 10 செ.மீ. அளவுக்குப் போனால், உட்சுவரில் சந்தேகமான நீட்சி தெரிந்தால், அல்லது குழாயை இழுத்து நீட்டியிருந்தால் எடுக்கலாம். இதற்கு இடையில் இருக்கும் அளவுகளில் மருத்துவருக்கு மருத்துவர் கருத்து மாறும், அது இயல்பு. ஊசி குத்தி நீரை உறிஞ்சி எடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. பை அப்படியே இருப்பதால் மறுபடி நிரம்பிவிடும்.

லேப்ராஸ்கோப்பியில் தொப்புள் வழியாகக் கேமராவும், பக்கத்தில் சின்னத் துளைகள் வழியாகக் கருவிகளும் போகும். திரையின் மேல் சவ்வை மெல்லக் கீறி, நீர்க்கட்டியை அதன் பையோடு உரித்து எடுப்பார்கள். பெரிய நீர்க்கட்டியின் மேல் கருக்குழாய் நாடா மாதிரி பரந்து ஒட்டிக் கிடக்கும். அதை வெட்டாமல், சூட்டுக் கருவியால் பொசுக்காமல், விரல்நுனியைச் சேதப்படுத்தாமல் எடுப்பதில்தான் மருத்துவரின் கை தெரியும். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பெரும்பாலும் அன்றே அல்லது மறுநாள் வீடு திரும்பலாம். சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன் கேட்டுவிடுங்கள்: "குழாயையோ சினைப்பையையோ எடுக்க நேருமா? எந்த நிலையில் எடுப்பீர்கள்?" இந்தப் பேச்சு மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே நடக்க வேண்டும், அறுவை அரங்கின் வாசலில் அல்ல.

ஹைட்ரோசால்பிங்ஸ் என்றால், உட்சுவர் நன்றாக இருந்து வீக்கமும் குறைவாக இருந்தால் நுனியைத் திறந்துவிட்டு முயன்று பார்க்கலாம். ஆனால் மறுபடி மூடிக்கொள்ளவும் வாய்ப்புண்டு, குழாயிலேயே கர்ப்பம் தங்கும் அபாயமும் கூடும். நன்றாகக் கெட்டுப்போன குழாயை எடுப்பதே நல்லது. ஒரு பக்கம் மட்டும் வீங்கி மறுபக்கம் நன்றாக இருந்தால், வீங்கியதை எடுத்த பிறகு இயற்கையாகவே கருத்தரித்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு குழாய் போனால் பாதி வாய்ப்பு போய்விட்டது என்று கணக்குப் போட வேண்டாம். எதிர்ப்பக்கச் சினைப்பையின் முட்டையைக்கூட இருக்கும் குழாய் பிடித்துக்கொள்ளும். காசநோய் என்று உறுதியானால் கதை வேறு. ஆறு மாத மருந்தை ஒரு நாள் விடாமல் முடிக்க வேண்டும். குழாயைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சையால் அங்கே பயனில்லை.

உங்கள் விஷயத்துக்குத் திரும்புகிறேன். அறிக்கையில் சினைப்பைகள் இயல்பு, நீர்க்கட்டி தனியாக, 38 மி.மீ. என்று இருப்பது நல்ல செய்தி. ஸ்கேன் எடுத்தவரிடமோ வேறொரு அனுபவசாலியிடமோ போய், "இது குழாய்க்கு வெளியே உள்ள எளிய நீர்க்கட்டிதானா, ஹைட்ரோசால்பிங்ஸ் இல்லை என்று உறுதியா?" என்று இதே சொற்களில் கேளுங்கள். 35 வயதுக்கு உட்பட்டவர்கள் ஒரு வருடம் முயன்றும் கருத்தரிக்காவிட்டால் இருவருக்கும் பரிசோதனை தொடங்க வேண்டும். உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. உங்கள் கணவரின் விந்துப் பரிசோதனை ஆகிவிட்டதா? நீங்கள் எழுதியதில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கத்தி இல்லாத, ஊசிகூட இல்லாத அந்தப் பரிசோதனையைச் செய்யாமல் ஒரு பெண்ணின் வயிற்றில் துளை போடுவதை என்னால் ஏற்க முடியாது. அதை முதலில் முடியுங்கள். அதோடு முட்டை ஒழுங்காக வெளிவருகிறதா என்ற ரத்தப் பரிசோதனை, அப்புறம் எச்.எஸ்.ஜி.

எச்.எஸ்.ஜி.யில் இரண்டு பக்கமும் சாயம் தாராளமாக வழிந்தால் நீர்க்கட்டியை விட்டுவிட்டு முயற்சியைத் தொடருங்கள். இடது பக்கம் சாயம் தேங்கி நின்றால் லேப்ராஸ்கோப்பிக்கு அப்போது உண்மையான காரணம் கிடைத்துவிடும். அதே அறுவையில் நீர்க்கட்டியையும் எடுத்துக்கொள்ளலாம். இடையில் கர்ப்பமாகிவிட்டால், நீர்க்கட்டி இருப்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள், கர்ப்ப ஸ்கேன்களோடு சேர்த்து அதையும் பார்த்துக்கொள்வார்கள். திடீரென்று இடது பக்கம் பிடுங்குவது போல வலித்து வாந்தியும் வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். போனதும், இங்கே ஒரு நீர்க்கட்டி இருக்கிறது, முறுக்கியிருக்குமோ என்று சந்தேகம் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.